பார்த்ததைச் சொன்னால் போதும்



வாரா வாரம் கூடுகிறோம். சேமிப்பு கட்டியாச்சா, கடன் தவணை வந்ததா, போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆச்சு என்று கேட்கிறோம். ஒரு உறுப்பினர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். அப்படிப் போகும்போது அடுப்படி வரைக்கும் நமக்கு வழி உண்டு. போலீஸுக்கும் அதிகாரிக்கும் அந்த வழி கிடையாது. அந்த வீட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்பதெல்லாம் முதலில் நம் கண்ணில்தான் படும். நம்மில் பலர் வீட்டு வேலைக்கும் போகிறோம். மேடவாக்கம், வேளச்சேரி, பெருங்களத்தூர் அடுக்குமாடி வீடுகளுக்குள் நடப்பதும் நமக்குத் தெரியும்.

பார்த்துவிட்டு என்ன செய்கிறோம்? பல நேரம் வெளியே வந்து, "பாவம் அந்தப் புள்ள" என்று இரண்டு பேரிடம் சொல்லி, பெருமூச்சு விட்டு, அதோடு விட்டுவிடுகிறோம். இரக்கம் இல்லாமல் இல்லை. "நிச்சயமா தெரியாம எப்படிச் சொல்றது? தப்பா இருந்துட்டா?" என்ற தயக்கம்தான்.

அதனால் இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சந்தேகம் வந்தாலே சொல்லலாம். நிரூபிப்பது நம் வேலை இல்லை. விசாரிக்க ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியப்படுத்துவதுதான் நம் வேலை.

நம் பக்கத்தில் நடந்தவை

எங்கேயோ தூரத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். மூன்று சம்பவங்களைப் பாருங்கள். மூன்றும் செய்தித்தாள்களில் வந்தவை.

2018 பிப்ரவரியில் தாம்பரம் அருகே சாமான் ஏற்றிப் போன ஒரு வேனுக்குள்ளிருந்து வயதான பெண்ணின் சத்தம் கேட்டது. ரோட்டில் போனவர்கள் வேனை நிறுத்திப் பார்த்தார்கள். உள்ளே வயதானவர்கள் இரண்டு பேர், கூடவே ஓர் இறந்த உடல். போலீஸுக்குத் தகவல் போனது. அந்த வேன் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஓர் இல்லத்தைச் சேர்ந்தது. அதிகாரிகள் அங்கே போய்ச் சோதனை செய்தார்கள். அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இல்லத்தை நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது என்ன? வேனை நிறுத்தியவர்கள் அதிகாரிகள் இல்லை. நம்மைப் போல ரோட்டில் போனவர்கள். சத்தம் கேட்டது, நின்றார்கள், சொன்னார்கள்.

2022 டிசம்பர் கடைசியில் தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவனை, பேட்டரி திருடியதாக ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். அவன் செங்கல்பட்டில் உள்ள அரசு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். இரண்டே நாளில், டிசம்பர் 31ந் தேதி, இறந்துபோனான். முதலில் உடம்பு சரியில்லாமல் போனதாகத்தான் பேச்சு. பிரேதப் பரிசோதனை உடம்பில் இருந்த காயங்களைக் காட்டியது. 2023 ஜனவரியில் அந்த இல்லத்தின் பணியாளர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். சிறுவர் இல்லங்களை எப்படிச் சீர்திருத்துவது என்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அந்தக் குழு 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. "அரசு இடத்துலதானே இருக்கான், பத்திரமா இருப்பான்" என்று நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது. இல்லத்தில், விடுதியில் இருக்கும் பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்ப்பது அவனுக்கு ஒரு காவல்.

2024 ஜனவரியில் வந்த செய்தி இது. வெளி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து மேல்படிப்புக்குப் பணம் சேர்க்க ஓர் இளம்பெண் திருவான்மியூரில் வீட்டு வேலைக்கு வந்தாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவள் உடம்பில் இருந்த காயங்களைப் பெற்ற தாய் பார்த்தார். உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுத்தது. வழக்குப் பதிவானது, வீட்டுக்காரர்கள் இருவர் கைதானார்கள். குற்றம் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஆனால் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு தாயின் கண், ஒரு மருத்துவமனையின் கடமை.

விளையாட்டில் பட்ட அடியா, அடித்த அடியா?

ஓடி விளையாடும் பிள்ளைக்கு அடிபடாமல் இருக்காது. முழங்கால், முழங்கை, நெற்றி, முன்னங்கால் எலும்பு - இந்த இடங்களில் சிராய்ப்பும் கன்றிப்போன தழும்பும் சகஜம். விழும்போது முதலில் தரையில் படுவது இவைதான்.

கீழே உள்ளவற்றைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள்:

1. காது, கழுத்து, கன்னம், முதுகு, வயிறு, தொடை, பிட்டம் போன்ற இடங்களில் கன்றிப்போயிருப்பது. தானாக விழுந்தால் இங்கெல்லாம் லேசில் அடிபடாது.

2. தவழவே தெரியாத கைக்குழந்தை உடம்பில் கன்றிப்போன காயம். நகராத குழந்தை எங்கே போய் இடித்துக்கொள்ளும்?

3. உருவம் தெரியும் காயம். பெல்ட் பட்டை, ஒயர் மடித்து அடித்த வளைவு, ஐந்து விரல், பல் பதிந்த தடம்.

4. சூடு வைத்த தழும்பு. சிகரெட் சுட்ட வட்டம், கரண்டிக் காம்பு, இஸ்திரிப் பெட்டி வடிவம். கொதிநீரில் முக்கியது போல இரண்டு காலிலும் ஒரே அளவுக்குக் கோடு போட்ட மாதிரி வெந்திருப்பது.

5. ஒரே உடம்பில் பழைய தழும்பும் புதுக் காயமும் சேர்ந்து இருப்பது.

6. சொல்லும் கதையும் காயமும் பொருந்தாதது. "கட்டில்ல இருந்து விழுந்துட்டா" என்று காலையில் சொல்வார்கள், சாயங்காலம் "அண்ணன் தள்ளிவிட்டான்" என்பார்கள். பெரிய காயம் பட்டும் இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்.

7. நடத்தை மாறுவது. யாராவது சும்மா கையைத் தூக்கினாலே பிள்ளை முகத்தை மறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. பிறந்த குழந்தைகள் பலருக்குப் பிட்டத்திலும் இடுப்பிலும் நீல நிறத் திட்டு இருக்கும். அது பிறவி அடையாளம், அடி இல்லை. ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், திரும்பத் திரும்ப வந்தால், சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெரியவர்களும் மாற்றுத்திறனாளிகளும்

வயதானவர்கள் வாய் திறந்து சொல்வது அபூர்வம். "எம் மகன நானே காட்டிக் குடுப்பேனா?" என்று கேட்பார்கள். அதனால் நாம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிப்போட்ட தடம், முதுகில் படுக்கைப் புண், திடீரென்று உடம்பு வற்றிப்போவது, எப்போது போனாலும் மருந்து மயக்கத்தில் தூங்குவது, மருமகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் வாயே திறக்காமல் இருப்பது, முதியோர் பென்ஷன் ஏ.டி.எம். கார்டு வேறொருவர் கையில் இருப்பது - இவற்றைக் கவனியுங்கள். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. வயதானால் தோல் மெலிந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். எதனால் ஆனது என்று அவரிடமே தனியாக, பதமாகக் கேளுங்கள்.

பேச முடியாத, மனவளர்ச்சி குன்றிய, மனநலம் பாதித்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ந் தேதி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநலச் சிகிச்சை தரும் இடங்களில் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. "ஓடிப்போயிடுறான், அதான் கட்டி வச்சிருக்கோம்" என்று ஒரு தாய் சொன்னால் அவரைத் திட்ட வேண்டாம். அவருக்கும் உதவி தேவை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக நம் குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போகலாம்.

பிள்ளை நம்மிடம் வந்து சொன்னால்

தன்னை நம்புவார்கள் என்று தோன்றும் ஒருவரிடம்தான் பிள்ளை சொல்லும். அந்த ஒருவர் நாமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

பதறாமல் கேளுங்கள். "அய்யய்யோ" என்று கத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது. உம்மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். "அப்பாதானே அடிச்சார்?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டாலே போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நேரே போய் அடித்தவரிடம் சண்டை போடுவது பெரிய ஆபத்து. நாம் திரும்பி வந்த பிறகு அந்தக் கோபம் எல்லாம் பிள்ளை மேல்தான் இறங்கும். காயத்தைப் படம் பிடித்து வாட்ஸப் குரூப்பில் போடுவதும் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நல்லெண்ணத்தில் போட்டேன் என்றாலும் அந்தப் பிள்ளைக்கு ஊரில் தலைகாட்ட முடியாமல் போய்விடும்.

காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை. குரோம்பேட்டை, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகள் நமக்குப் பக்கம். அடிபட்ட விவரத்தை டாக்டர் பதிவு செய்வார், போலீஸுக்கும் தகவல் போகும். ஏ.ஆர். காப்பி என்கிறோமே, அதுதான் பின்னால் பெரிய சாட்சி. நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது?

இந்த எண்களைக் குழுத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

1098 - குழந்தைகளுக்கு. 24 மணி நேரமும் இலவசம். 1996ல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவையை 2023 முதல் அரசே நடத்துகிறது. 18 வயது நிறையாத எந்தப் பிள்ளைக்காகவும் யாரும் பேசலாம். பிள்ளையே பேசலாம்.

181 - பெண்களுக்கு. 24 மணி நேரமும்.

14567 - மூத்த குடிமக்களுக்கு. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை.

14417 - பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றால். பள்ளியில் அடிப்பதைத் தமிழ்நாடு 2003லேயே தடை செய்துவிட்டது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் தடை செய்கிறது.

112 அல்லது 100 - இப்போதே அடி விழுகிறது, உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் இதுதான்.

நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. தாம்பரம், வண்டலூர் செங்கல்பட்டு மாவட்டம். படப்பை காஞ்சிபுரம் மாவட்டம். வேளச்சேரி, சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். "எந்த ஆபீசுக்குப் போறது?" என்று அலைய வேண்டாம். 1098ல் ஊரைச் சொன்னால் அவர்களே உரிய மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். போலீஸ் நிலையத்திலும் "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் சொல்கிறது.

மாற்றுத்திறனாளியைக் கொடுமைப்படுத்துவது தெரிந்தால், யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் கவனிக்காத பெரியவர்கள், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தாம்பரத்திலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. பெரியவரால் போக முடியாவிட்டால், அவர் ஒப்புதலோடு வேறொருவரோ ஓர் அமைப்போ அவருக்காக மனு கொடுக்கலாம். நம் கூட்டமைப்பு அதைச் செய்யத் தயார். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டிருந்தால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் வழி உண்டு. நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருந்தால் வழக்கு வலுவாக நிற்கும்.

சொன்னால் நமக்கு என்ன ஆகும்?

கூட்டங்களில் நாங்கள் கேட்கும் கேள்விகள் இவை.

"எம்பேரு வெளிய வருமா?" 1098ல் பேசுபவரின் பெயரை ரகசியமாக வைப்பார்கள். பெயர் சொல்ல இஷ்டமில்லை என்றாலும் தகவலைச் சொல்லலாம். எந்த ஊர், எந்தத் தெரு, பிள்ளைக்கு வயது என்ன, நாம் கண்ணால் பார்த்தது என்ன என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

"தப்பா இருந்தா எம்மேல கேஸ் போடுவாங்களா?" நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமும், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் தெளிவாகச் சொல்கின்றன. பாலியல் கொடுமை என்றால் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். 6 மாதம் வரை சிறை. பகைக்காகப் பொய்ப் புகார் கொடுப்பது வேறு விஷயம். அதை நாம் செய்யக் கூடாது.

"புள்ளயப் புடுங்கிட்டுப் போயிடுவாங்களே?" மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்தக் குழு விசாரித்து, பிள்ளைக்கு எது நல்லதோ அதை முடிவு செய்யும். முடிந்தவரை குடும்பத்தோடு வைப்பதுதான் சட்டத்தின் நோக்கம். பெற்றோருக்கு ஆலோசனை சொல்லி அனுப்புவதும் உண்டு. வீடே ஆபத்து என்றால்தான் வேறு ஏற்பாடு.

ஒருமுறை சொல்லியும் யாரும் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள். என்று, எத்தனை மணிக்கு, யாரிடம் பேசினோம் என்று எழுதி வையுங்கள். கூட்டமைப்புக்கும் தெரிவியுங்கள்.

நம் குழுவிலேயே என்றால்?

இதுதான் கஷ்டமான இடம். அடிப்பவர் நம் உறுப்பினராகவே இருக்கலாம். பிள்ளையை அடிக்கும் தாயாக, மாமியாரைப் பட்டினி போடும் மருமகளாக இருக்கலாம். "நம்ம குரூப்பு பேரு கெட்டுடும், பேங்க் லோன் வராது" என்று மூடி மறைக்கத் தோன்றும். குழுவின் பேர் ஒரு பிள்ளையின் உயிரை விடப் பெரிது இல்லை.

"அடியாத மாடு படியாது", "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. அன்றைக்குப் புருஷன் குடித்துவிட்டு வந்ததற்கும், தவணை கட்டப் பணம் இல்லாததற்கும் பிள்ளை முதுகு பதில் சொல்லக் கூடாது. பல நேரம் அடிக்கும் தாயும் அடிவாங்கும் மனைவிதான். கோபம் அடங்காத அளவுக்குச் சுமை ஏறிப்போன உறுப்பினர் இருந்தால், குற்றம் சொல்லும் முன் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். 181க்குக் கூப்பிட வையுங்கள். ஆனால் காயம் தெரிகிறது, திரும்பவும் நடக்கிறது என்றால், தோழி என்று பார்க்காமல் 1098க்குச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. அந்த அளவுக்குப் போகாமல் தடுப்பதே அந்தத் தோழிக்கும் நாம் செய்யும் உதவி.

வீட்டு வேலைக்குப் போகும் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. 14 வயது நிறையாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. நீங்கள் வேலை செய்யும் குடியிருப்பில் அப்படி ஒரு பிள்ளை தெரிந்தால், அதுவும் வெளியே விடாமல் வைத்திருந்தால், உங்கள் வேலை போகாமலே 1098ல் பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தக் கட்டுரையை எல்லாருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் 1098, 181, 14567 மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லட்டும். எல்லார் செல்போனிலும் பதிந்து கொடுங்கள். உங்கள் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறதா என்று ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்லி கிராம சபையில் மனு கொடுங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வரட்டும். யாராவது வந்து பார்க்கும் வீட்டில் கை ஓங்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இவற்றைத் தீர்மானமாக எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதிக்கப்பட்டவர் பெயரைத் தீர்மானத்தில் எழுத வேண்டாம்.